அட்டவணையில் அடங்காத பாடம்: கல்வித் தத்துவம் படித்த அனுபவம்

ஆசிரியர் பயிற்சி முடித்த யாரிடமாவது கல்வித் தத்துவம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அட்டவணைதான் நினைவுக்கு வரும். இடப்பக்கம் வரிசையாகக் கருத்துமுதல்வாதம், இயற்கைவாதம், பயன்வழிவாதம், இருத்தலியல். மேலே கல்வியின் நோக்கம், பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆசிரியரின் பங்கு. கட்டங்களை நிரப்பினால் மதிப்பெண். பிளேட்டோ ஒரு கட்டத்தில், ரூசோ இன்னொன்றில், டூயி அடுத்ததில். நானும் அப்படித்தான் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். சில ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்த பிறகு பல்கலைக்கழகத்தில் இதையே முதுகலைப் பாடமாக எடுத்தேன். பெயர் ஒன்றுதான், பாடம் முற்றிலும் வேறு.

அந்த வேறுபாட்டை ரூசோவை வைத்தே சொல்லிவிடலாம். அட்டவணையில் ரூசோ என்றால் இயற்கைவாதம், குழந்தையின் சுதந்திரம், அனுபவத்தின் வழியே கற்றல். அவ்வளவுதான். எமில் என்ற சிறுவனை வளர்ப்பதைப் பற்றி அவர் எழுதி 1762இல் வந்த ‘எமில்’ நூலைக் கையில் எடுத்து ஐந்தாம் பாகம் வரை வந்தால் அங்கே சோஃபி என்ற பெண் வருகிறாள். எமிலுக்கு மனைவியாகப் போகிறவள். அவளுக்கு ரூசோ வகுக்கும் கல்வி எமிலுக்குச் சொன்னதற்கு நேர் எதிரானது: கணவனுக்குப் பிடித்தபடி நடக்கவும், ஊரார் என்ன நினைப்பார்கள் என்று பார்த்து நடக்கவும் அவள் பழக வேண்டும். 1792இல் ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் இதைத்தான் பிடித்துக்கொண்டார். மனிதரை மனிதராக்குவது பகுத்தறிவு என்றால், மனித இனத்தில் பாதிக்கு அதை வளர்க்காத கல்வியை எப்படி நியாயப்படுத்துவீர்கள் என்று கேட்டார். அட்டவணையில் சோஃபிக்குக் கட்டமே கிடையாது. ஆனால் பல்கலைக்கழக வகுப்பில் விவாதம் தொடங்குவதே அவளிடமிருந்துதான். ரூசோவின் மற்ற வாதங்கள் அவளைக் கழித்துவிட்டாலும் நிற்குமா, இல்லை, எமிலின் சுதந்திரமே அவள் அடங்கி நடப்பதை நம்பித்தான் இருக்கிறதா? இப்படி ஒரு கேள்வியோடு ஒரு நூலுக்குள் நுழைவதற்கும் ‘இயற்கைவாதத்தின் சிறப்பியல்புகள் ஐந்து’ என்று மனப்பாடம் செய்வதற்கும் இடையே இருக்கும் தூரம் பெரியது.

இந்தப் படிப்பைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கும் இப்போதுதான் சேர்ந்திருப்பவர்களுக்கும் உதவும் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில், எந்த மாதிரிக் கேள்விகளுக்காக இந்தத் துறை இருக்கிறது என்பது தெளிவாக வேண்டும். பள்ளிகளில் அடிக்கடி எழும் ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்வோம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் பின்தங்கிய பிள்ளைகளையும் தனித்தனி வகுப்பாகப் பிரிக்கலாமா? ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் ‘மதிப்பெண் ஏறும்’ என்பார். இன்னொருவர் ‘அது அநியாயம்’ என்பார். மூன்றாமவர் ‘திறமை இருக்கிறவன் எங்கே உட்கார்ந்தாலும் படிப்பான்’ என்பார். மூவரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடுவது போலத் தோன்றும். முதல் ஆள் பேசுவது ஆய்வு செய்து கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றை. இரண்டாமவர் பேசுவது நியாயத்தை. மூன்றாமவர் ‘திறமை’ என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார்.

சரி, நல்ல ஆய்வு ஒன்று நடந்து, பிரித்து வைத்தால் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 10 மதிப்பெண் கூடுகிறது, கீழ் வகுப்பில் 5 குறைகிறது என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகுப்பிலும் ஒரே எண்ணிக்கை என்றால் சராசரி ஏறுகிறது. இப்போது பிரிக்கலாமா? மொத்தப் பலன் கூடினால் போதும் என்பவர் பிரிக்கலாம் என்பார். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் எழுதியதன் வழியில் யோசிப்பவர், மிகவும் பின்தங்கியவரின் நிலையை மேம்படுத்தாத ஏற்றத்தாழ்வை ஏற்கத் தயங்குவார். எல்லோரும் ஒரு போதுமான அளவை எட்டினால் சரி, அதற்கு மேலே வித்தியாசம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பவரும் உண்டு. இன்னும் எத்தனை ஆய்வு செய்தாலும் இந்த மூவரில் யார் சரி என்பது அதில் வராது. இருப்பதிலிருந்து இருக்க வேண்டியதற்கு நேராகத் தாவ முடியாது என்பதை டேவிட் ஹியூம் 1739–40லேயே சுட்டிக்காட்டிவிட்டார். கல்வித் துறையில் இருக்கிறவர்கள் அன்றாடம் தாவிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பழக்கம் எளிமையானது. எந்தக் கட்டுரை எழுதுவதற்கு முன்பும் தாளை நெடுக்கில் மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்வேன். ஆய்வால் தெரியக்கூடியது, சொல்லின் பொருளைத் தெளிவாக்க வேண்டியது, மதிப்பீடு சார்ந்தது. தலைப்பில் இருக்கும் சிக்கலைத் துண்டு துண்டாக்கி எது எந்தப் பத்தியில் வரும் என்று எழுதுவேன். முதல் பத்தியே நிரம்பி வழிந்தால் அது கல்வித் தத்துவத்துக்கான தலைப்பே இல்லை, கல்வி உளவியலிலோ சமூகவியலிலோ செய்ய வேண்டிய ஆய்வு. புதிதாகச் சேர்கிறவர்கள் ஆய்வுத் தலைப்பு கொண்டுவரும்போது இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டு வந்தால் வழிகாட்டிப் பேராசிரியருடன் நடக்கும் முதல் சில சந்திப்புகள் மிச்சமாகும்.

அடுத்தது வாசிப்பு. இந்தப் படிப்பின் முக்கால்வாசி உழைப்பு இங்கேதான் போகிறது. வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று பட்டியல் கொடுப்பார்கள், பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். அந்தக் குறைவான பக்கங்களில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பது போகப் போகத்தான் தெரியும்.

பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலை நாங்கள் படித்த விதத்தைச் சொல்கிறேன். அதில் சாக்ரடீஸ், கணிதம் படித்திராத ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு ஒரு கணக்குக் கேட்கிறார். பக்கம் 2 அடி உள்ள சதுரம், பரப்பு 4 சதுர அடி. இதைப் போல இருமடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும், பக்கம் எவ்வளவு? சிறுவன் உடனே 4 அடி என்கிறான். வரைந்து பார்த்தால் பரப்பு 16. அப்புறம் 3 அடி என்கிறான். அது 9. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். கடைசியில் முதல் சதுரத்தின் மூலைவிட்டத்தையே பக்கமாக எடுத்தால் பரப்பு 8 வரும் என்று வந்து சேர்கிறார்கள். பார்த்தீர்களா, நான் எதையும் கற்பிக்கவில்லை, கேள்விதான் கேட்டேன், அவனுக்குள் இருந்ததே வெளியே வந்தது என்கிறார் சாக்ரடீஸ்.

எங்கள் பேராசிரியர் கொடுத்த வேலை இதுதான்: சாக்ரடீஸின் ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறதா என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். கணக்கு டீச்சரான எனக்கு இது தினமும் செய்த வேலை. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்வியை வளைத்துக் கேட்டுவிட்டு, ‘பாருங்கள், பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று சொல்வது எங்கள் தொழிலில் சகஜம். குறித்துக்கொண்டே போனால் ஒன்று தெரிகிறது: மூலைவிட்டம் என்ற யோசனை சிறுவனிடமிருந்து வரவே இல்லை. அந்தக் கோட்டைக் கொண்டுவருவது சாக்ரடீஸ்தான். அப்படியானால் அவர் கற்பித்துவிட்டாரா? அப்படியும் சட்டென்று சொல்லிவிட முடியாது. கோட்டைக் காட்டினது அவர், ஆனால் அந்தக் கோடு சதுரத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது என்பதையும் அப்படி நான்கு பாதிகள் சேர்ந்தால் 8 என்பதையும் சிறுவன் யார் சொல்லியும் ஏற்கவில்லை, தானே பார்த்து ஏற்றான். அந்த ‘தானே பார்த்தல்’ வகுப்பறையில் எப்போது நடக்கிறது, எப்போது நடந்தது போல நாம் நடித்துக்கொள்கிறோம் என்பது இன்று வரை என்னை விடாத கேள்வி. சில பக்கங்களிலிருந்து வந்தது அது.

வாசிக்கும் முறையாக எனக்குப் பழகிப்போனது இது. முதல் தடவை படிக்கும்போது ஒரே ஒன்றைத்தான் தேடுவேன்: இவர் யாரோடு சண்டை போடுகிறார்? எதிராளி தெரிந்துவிட்டால் பாதி புரிந்த மாதிரி. இரண்டாம் தடவை பத்திகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி. கவனியுங்கள், என்ன சொல்கிறது என்று எழுதுவதில்லை, என்ன வேலை செய்கிறது என்றுதான். உதாரணம் தருகிறது, எதிர்வாதத்தை முன்வைக்கிறது, முன்பு சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறது, இப்படி. மூன்றாவது தடவை புத்தகத்தை மூடிவிட்டு வாதத்தை எண் போட்ட வரிகளாக எழுதிப் பார்ப்பது. எடுகோள் 1, எடுகோள் 2, ஆகவே முடிவு. எழுத முடியாமல் இடறும் இடம்தான் நூலில் நுணுக்கமான இடம், அல்லது நூலாசிரியரே தாவிவிட்ட இடம். இரண்டில் எது என்று பார்க்கத் திரும்பவும் போக வேண்டும்.

விளக்க நூல்களை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்வித் தத்துவத்துக்கென்றே அதில் தனிக் கட்டுரை இருக்கிறது. மூல நூலை ஒரு தடவை படித்துவிட்டு அதற்குப் போங்கள். முதலிலேயே போனால் அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூலத்தைப் படிக்க வேண்டிவரும்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயியைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. 1916இல் வந்த ‘ஜனநாயகமும் கல்வியும்’ படிக்கச் சிரமமான நூல். வாக்கியங்கள் நீளம், உதாரணங்கள் குறைவு. 1938இல் அவர் எழுதிய ‘அனுபவமும் கல்வியும்’ சின்ன நூல். முற்போக்குக் கல்வி என்ற பெயரில் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட்டால் போதும் என்று கிளம்பியவர்களை அதில் அவரே கண்டிக்கிறார். எல்லா அனுபவமும் கல்வி ஆகாது, சில அனுபவங்கள் மேலே கற்பதையே தடுத்துவிடும் என்பது அவர் வாதம். அதிலிருந்து தொடங்கிவிட்டுப் பெரிய நூலுக்குப் போவது நல்லது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கருக்கு ஆசிரியராக இருந்தவர் டூயி. ஜனநாயகம் என்பது ஓர் ஆட்சிமுறை மட்டுமல்ல, மனிதர்கள் சேர்ந்து வாழும் முறை என்ற அவருடைய கருத்தைப் படிக்கும்போது, அம்பேத்கர் எழுத்துகளைப் படித்தவர்களுக்கு அது பழகிய குரலாகக் கேட்கும்.

செமினார் வகுப்புகளுக்கு வருகிறேன். என்னை மிகவும் அசைத்துப் போட்ட வகுப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைப் பற்றியது. விஸ்கான்சின் மாநிலத்தில் அப்போது 16 வயது வரை பள்ளிக் கல்வி கட்டாயமாக இருந்தது. அங்கே இருந்த ஆமிஷ் சமயச் சமூகத்தைச் சேர்ந்த பெற்றோர், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம், உயர்நிலைப் பள்ளி எங்கள் வாழ்க்கைமுறையையும் நம்பிக்கையையும் குலைத்துவிடும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டு, அந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது கேட்டோமா என்ற கேள்வியை எழுப்பினார்.

செமினாரில் விதி என்னவென்றால், உங்களுக்கு உடன்பாடு இல்லாத பக்கத்தைத்தான் நீங்கள் பேச வேண்டும். என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டுதான் நான் போயிருந்தேன். கணக்கில் அப்படி ஒரு கூர்மை. வீட்டில் பாதியில் நிறுத்திவிட்டார்கள். போய்ப் பேசியும் நடக்கவில்லை. அவள் பெற்றோர் மேல் எனக்கிருந்த கோபம் ஆறவே இல்லை. இப்போது பெற்றோர் பக்கம் பேசு என்றால்?

பேசினேன். தயாரிக்கும்போதே ஒன்று புலப்பட ஆரம்பித்தது. ஒரு சமூகம் தன் வாழ்க்கைமுறையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க விரும்புவது எந்தச் சமூகத்துக்கும் இயல்பானது. பள்ளிக்கூடமும் அதைத்தான் செய்கிறது. அது கொடுக்கும் வாழ்க்கைமுறை நமக்குப் பழகியிருப்பதால் பொதுவானது போலத் தெரிகிறது, அவ்வளவே. எதிர்த்தரப்பில் பேசிய தோழி, அமெரிக்கத் தத்துவவாதி ஜோயல் ஃபைன்பெர்க் 1980இல் முன்வைத்த வாதத்தை எடுத்தாள்: பெரியவளானதும் எந்த வழியில் போவது என்று தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு திறந்தே இருக்க வேண்டும் என்பது குழந்தையின் உரிமை. அதற்கு முன்பே கதவுகளைச் சாத்திவிட யாருக்கும் உரிமை இல்லை. நான் பதிலுக்குக் கேட்டேன்: எந்த வளர்ப்பு எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கிறது? எட்டு வயதிலிருந்து ஒரு பிள்ளையை இசையில் மூழ்கவைத்தால் வேறு பல கதவுகள் சாத்தப்படுகின்றன. அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லையே?

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது என் நிலைப்பாடு மாறவில்லை. அந்தப் பெண் படித்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஏன் என்பதற்கு நான் கொடுக்கும் காரணம் மாறிவிட்டது. ‘கதவுகள் திறந்திருக்க வேண்டும்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்று தெரிந்தது. எந்தக் கதவு மூடினாலும் பின்னால் திறந்துகொள்ளலாம், எந்தக் கதவு ஒருமுறை மூடினால் மூடியதுதான் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பதின்வயதில் பள்ளியை விட்ட பெண்ணுக்கு அது எந்த வகைக் கதவு என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அவள் பெற்றோரிடம் அன்று போய்ப் பேசியபோது இந்தத் தெளிவு இருந்திருந்தால், ‘படிப்பு முக்கியம்’ என்று பொதுவாகப் பேசாமல், நேராக இதையே பேசியிருக்கலாம்.

ஆகவே செமினாரில் உங்களுக்குப் பிடிக்காத பக்கம் கிடைத்தால் மாற்றிக் கேட்காதீர்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் கேட்டு ‘ஆமாம், நான் சொல்ல நினைத்ததைத்தான் சொன்னீர்கள்’ என்று தலையாட்டும் அளவுக்கு எடுத்துரைக்கப் பழகுங்கள். மறுப்பது அதற்குப் பிறகுதான்.

கூட்டாளிகளோடு படிப்பதைப் பற்றி நம் மொழியிலேயே அருமையான ஒரு பகுதி இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், 13ஆம் நூற்றாண்டு இலக்கணம். அதன் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்கு வருவது கால் பங்குதான் என்று கணக்குச் சொல்கிறார். உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி இரண்டு கால், அதாவது பாதி, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. எங்கள் சின்னப் படிப்புக் குழுவை இந்தக் கணக்குப்படியே நடத்தினோம். வாரம் ஒருவர், மற்றவர்கள் அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டு முழுக்க விளக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கேள்வி கேட்க மட்டும் அனுமதி. என் முறை வரும் வாரத்தில் நான் படித்த ஆழத்துக்கும் மற்ற வாரங்களில் படித்ததற்கும் இருந்த வித்தியாசம் எனக்கே நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பாயிரம்தான் பிறகு என் ஆய்வேட்டுக்கும் வழி காட்டியது. கல்வியைப் பற்றி நாம் பேசும்போது உவமைகள் இல்லாமல் பேசுவதில்லை. அமெரிக்கக் கல்வித் தத்துவவாதி இஸ்ரேல் ஷெஃப்லர் 1960இல் ‘கல்வியின் மொழி’ என்ற நூலில் இந்த உவமைகளை எடுத்து அலசினார். குழந்தை செடி, ஆசிரியர் தோட்டக்காரர் என்று ஓர் உவமை. குழந்தை களிமண், ஆசிரியர் வனைபவர் என்று இன்னொன்று. ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வழி. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேரி, நாட்டை விட்டு வெளியேறிச் சிலியில் வாழ்ந்தபோது 1968இல் எழுதிய நூலில் வங்கி உவமையால் புகழ்பெற்றார்: ஆசிரியர் பணத்தைப் போடுகிறவர், மாணவர் போட்டதை வைத்துக்கொள்ளும் கணக்கு. இந்த வகைக் கல்வியைத்தான் அவர் எதிர்த்தார். 1963இல் பிரேசிலின் ஆஞ்ஜிகோஸில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் பணியை நடத்தியவர், அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சிறைக்குப் போனவர். அந்தப் பின்னணி தெரியாமல் அவர் உவமையைப் பாடத்திட்டக் கூட்டங்களில் அலங்காரத்துக்குப் பயன்படுத்தும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

நன்னூலில் மாணவர் வகைகளுக்கு எட்டு உவமைகள் வரும். தலைமாணாக்கருக்கு அன்னமும் பசுவும். இடைப்பட்டவருக்கு மண்ணும் கிளியும். கடைமாணாக்கருக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. நெய்யரி என்றால் நெய் வடிகட்டும் பன்னாடை. நல்ல நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பட்டியலாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஷெஃப்லர் காட்டிய வழியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: எட்டும் ஒரே வகைப் பொருளைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டைக் குடத்தில் அறிவு ஊற்றி வைக்கும் நீர். பசுவில் அது மேய்ந்த பிறகு அசைபோட வேண்டிய புல். மண்ணில் அது ஊற்றுவதும் இல்லை, மேய்வதும் இல்லை, உழைப்புக்கு ஏற்ப விளைவது. அங்கே உழவரின் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. மண் விளையவில்லை என்றால் குற்றம் மண்ணுடையது மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு அந்தப் பாயிரத்திலேயே இடம் இருக்கிறது. ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கும் அது உவமை சொல்கிறது: கழற்சிக்காய் போட்ட குடம், மடற்பனை, பஞ்சு அடைத்த குடுக்கை, வளைந்த தென்னை. போட்ட வரிசையில் வெளியே வராதவர், தானாக விழுந்தால் ஒழிய யாரும் பறித்துக்கொள்ள முடியாதவர், உள்ளே போனதும் வெளியே வருவதும் துளித்துளியாக இருப்பவர், தண்ணீர் ஊற்றியவருக்கு விடாமல் வேறொருவர் இடத்தில் காய் உதிர்ப்பவர்.

எருமைதான் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது. குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமையைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறது நன்னூல். சாக்ரடீஸ் வழியில் பார்த்தால், ஆசிரியரைக் கேள்வி கேட்டுக் கலக்குகிற மாணவர் முதல் வரிசைக்கு வர வேண்டியவர். இது ஒரு நிஜமான கருத்து மோதலா, அல்லது கலக்குவதில் இரண்டு வகை உண்டா? தெளிவதற்காகக் கலக்குவது ஒன்று, அடுத்தவருக்கும் குடிக்க முடியாமல் ஆக்குவது இன்னொன்று. வகுப்பறையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன், ஒரே நாளில், சமயங்களில் ஒரே பிள்ளையிடம். இரண்டையும் பிரித்தறிய ஆசிரியருக்கு எது உதவும் என்பதே என் ஆய்வேட்டின் மையக் கேள்வியாக ஆனது.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘ஃப்ரேரியின் கல்விச் சிந்தனைகள்’, ‘டூயியின் பங்களிப்பு’ போன்ற தலைப்புகளோடு வருகிறவர்கள் நிறைய. அவை தலைப்பே தவிர கேள்வி இல்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று இருக்கும். ஒரு பழைய நூலின் பகுதி, வகுப்பறையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சங்கடம், பள்ளியின் ஒரு விதிமுறை. அதை எடுத்துக்கொண்டு, அதில் முட்டிக்கொள்ளும் இரண்டு கருத்துகளைக் கண்டுபிடியுங்கள். ஒரு வாக்கியத்தில் கேள்வியாக எழுத முடிய வேண்டும், அந்தக் கேள்விக்கு இரண்டு நேர்மையான பதில்கள் இருக்க வேண்டும். ஒரே பதில்தான் சாத்தியம் என்றால் ஆய்வேடு வேண்டாம், ஒரு பத்தி போதும்.

எழுதுவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும் ஒன்றைச் சொன்னால் போதும். எங்கள் பேராசிரியர் எல்லோருடைய கட்டுரை ஓரத்திலும் பென்சிலால் ஒரே கேள்வியை எழுதுவார்: ‘இதை மறுப்பவர் யார்?’ ‘கல்வி முழுமையான மனிதரை உருவாக்க வேண்டும்’ என்று எழுதினால் பக்கத்தில் அந்தப் பென்சில் கேள்வி இருக்கும். யாருமே மறுக்க மாட்டார்கள் என்றால் அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை. எடுத்துவிடலாம், அல்லது யாராவது மறுக்கும் அளவுக்குக் கூர்மையாக்கலாம். கல்வியைப் பற்றிய நம் பேச்சில் இப்படி யாரும் மறுக்காத வாக்கியங்கள் எவ்வளவு என்று அதற்கப்புறம் கவனிக்கத் தொடங்கினேன். கொள்கை அறிக்கைகள், பள்ளி ஆண்டு மலர்கள், வரவேற்புரைகள், எல்லாவற்றிலும்.

எங்கே சேர்வது என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பாடம் பெரும்பாலும் கல்வியியல் துறைக்குள் இருக்கும், சில இடங்களில் தத்துவத் துறைக்குள். கல்வியியல் துறையில் உடன் படிப்பவர்கள் அநேகமாக ஆசிரியர்களாக இருப்பார்கள், விவாதம் சீக்கிரம் வகுப்பறைக்கு வந்துவிடும். தத்துவத் துறையில் தர்க்கம், அறவியல், அறிவுக்கொள்கை எல்லாம் சேர்ந்து வரும், வாதம் செய்யும் கை நன்றாகப் பழகும், ஆனால் பள்ளிக்கூடம் தூரத்தில் இருக்கும். கல்வியியல் துறையில் சேர்ந்தால் தத்துவத் துறையில் அறவியல் பாடம் ஒன்றையாவது கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், அனுமதி பெரும்பாலும் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையில் கல்வித் தத்துவத்தில் எழுதிக்கொண்டிருக்கும் பேராசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதிலுள்ள ஒரு வாதத்தைப் பற்றி இரண்டு வரி கேட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். பாடப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து, நடத்த ஆள் இல்லாத துறைகள் உண்டு.

வேலை விஷயத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்வித் தத்துவத்துக்கென்றே தனிப் பணியிடங்கள் எங்குமே குறைவு. இதைப் படித்தவர்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள், பாடத்திட்டம் உருவாக்கும் அமைப்புகள், தேர்வு வாரியங்கள், கல்விக் கொள்கை ஆய்வு ஆகியவற்றில்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். அங்கே உங்களை எடுப்பது தத்துவத்துக்காக மட்டும் இருக்காது. ஒரு பாடத்தைக் கற்பித்த அனுபவமோ, மதிப்பீட்டு முறைகளில் பயிற்சியோ, புள்ளியியல் அறிவோ கூடவே இருந்தால் நல்லது. எனக்குக் கணக்கு இருந்தது. இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதல் நாளே மேனோவின் சதுரத்தைப் பலகையில் வரைந்து, சாக்ரடீஸின் கேள்விகளை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

வேலையோடு சேர்த்துப் பகுதிநேரமாகப் படிக்க நினைப்பவர்கள், முடிந்தால் செமினார் அதிகம் உள்ள பருவத்தில் பணிச்சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு எழுதும் பருவத்தில் வேலை இருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் இருப்பவருக்கு அது தினம் தினம் உதாரணம் கொடுக்கும். வாசிப்புக்குக் காலை நேரத்தை ஒதுக்குங்கள். நாள் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு வந்து இரவில் உட்கார்ந்து டூயியின் பெரிய நூலைப் படிப்பது நடக்காத காரியம். இரவில் குறிப்புகளைச் சரிபார்க்கலாம், வாதத்தை எண் போட்டு எழுதிப் பார்க்கலாம்.